பெயின்ட் கெடவில்லை, பாட்டிலைப் பாருங்கள்: மினியேச்சர் பெயின்ட் கேள்வி பதில்

மினியேச்சர் எனும் சின்னஞ்சிறு பொம்மைகளுக்கு அடிக்கிற பெயின்டைப் பற்றி வந்த கேள்விகளில் முக்கால்வாசி வயேஹோ, ஆர்மி பெயின்டர் மாதிரி கம்பெனிகளின் 17, 18 மில்லி சொட்டு பாட்டில்களைப் பற்றியவை. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

புது பாட்டில்தான் அண்ணா, பிளஸ் டூ லீவுக்கு வாங்கியது. முதல் சொட்டு வெறும் தண்ணியாக வருகிறது, கொஞ்ச நாளில் உள்ளே களிமண் மாதிரி ஆகிவிட்டது. போலி சரக்கா?

போலி இல்லை தம்பி. நிறத்தூள் கனமானது, அடியில் படியும். அதைப் பிடித்துவைக்கிற பிசின் திரவம் மேலே நிற்கும். டப்பா பெயின்டில் மூடியைத் திறந்ததுமே அது கண்ணில் படும். இதில் வெளியே வருகிற சொட்டை மட்டும்தானே பார்க்கிறோம்? கவிழ்த்துப் பிழிந்தால் மேலே நிற்கிற பிசின்தான் முதலில் வரும். நீ அதைத் துடைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறாய், அதனால்தான் மீதி களிமண் ஆனது.

இப்போது வெறும் தண்ணீர் ஊற்றாதே. பிசின் குறைந்துபோன பெயின்டில் தண்ணீரும் சேர்ந்தால், காய்ந்தபிறகு விரல் பட்டாலே தூளாக உதிரும். பாட்டிலின் மூக்கை, அதாவது சொட்டு வரும் முனையைக் கழற்றி, மேட் மீடியம் (நிறமில்லாத, பளபளக்காத பிசின் திரவம்) நாலைந்து சொட்டு விட்டு, பல்குச்சியால் அடிவரை கிளறு. அடுத்த பாட்டில் வாங்கினால் முதல் நாளே இப்படி ஒரு முறை கிளறிவிடு. அப்புறம் ஒவ்வொரு முறையும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மத்து கடைவதுபோல ஒரு நிமிடம் உருட்டினால் போதும், மேலும் கீழும் குலுக்குவதைவிட நுரை குறைவு.

குலுக்கும்போது நன்றாகக் கலக்க உள்ளே குண்டு போடலாமா? சைக்கிள் கடையில் பால்ரஸ் குண்டு மலிவாகக் கிடைக்கிறதே?

அந்தத் தப்பை நான் செய்துவிட்டேன், நீங்கள் செய்யாதீர்கள். நல்ல வெள்ளை பாட்டில் ஒன்றில் போட்டேன், சில மாதத்தில் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. இது தண்ணீர் கலந்த பெயின்ட், சாதாரண பேரிங் குண்டு துருப்பிடிக்கத்தான் செய்யும். 316 ரக ஸ்டெயின்லெஸ் குண்டு கேட்டு வாங்குங்கள், 5 மில்லிமீட்டர் அளவில் பாட்டிலுக்கு இரண்டு. கண்ணாடி மணியும் ஆகும், ஆனால் எடை குறைவு என்பதால் கெட்டியாகப் படிந்ததை உடைக்காது.

மேட் என்று எழுதியிருக்கிறது, காய்ந்தால் திட்டுத்திட்டாகப் பளபளக்கிறது.

பளபளப்பைக் குறைக்கிற பொடியும் அடியில்தான் தங்கும். முதல் கேள்விக்குச் சொன்னதேதான்.

மூக்கு அடைத்துக்கொண்டது. குண்டூசியால் குத்தினேன், இரண்டு நாளில் மறுபடி அடைப்பு. பலமாக அழுத்தினால் பீய்ச்சி அடித்து, மூன்று நாள் வேலை பார்த்த குதிரைவீரன் முழுக்க நீலம்!

குத்தியபோது அந்தக் காய்ந்த துணுக்கு எங்கே போனது என்று நினைக்கிறீர்கள்? உள்ளேதான் விழுந்திருக்கிறது, அதுவே திரும்பி வந்து அடைக்கிறது. மூக்கைத் துணி சுற்றிய குறட்டால் பக்கவாட்டில் அசைத்துக் கழற்றி, வெந்நீரில் போட்டு, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊசியைத் தள்ளுங்கள். உள்ளே விழுந்ததைப் பல்குச்சியால் எடுத்துவிடுங்கள். இனிமேல் சொட்டு விட்டதும் பாட்டிலை நிமிர்த்தி மேசையில் ஒரு தட்டு தட்டி, நுனியைத் துடைத்துவிட்டு மூடுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு அடைப்பு இந்த ஒரு துடைப்பில் போய்விடும். குதிரைவீரனுக்கு என் அனுதாபங்கள்.

ஊட்டிக்குக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்ததும் தானாகப் பொங்கி வழிந்தது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. கீழே மூடும்போது அடைபட்ட காற்று சமவெளி அழுத்தத்தில் இருக்கிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், அங்கே வெளி அழுத்தம் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற காற்று விரிந்து பெயின்டைத் தள்ளுகிறது. பாதி காலியான பாட்டிலில் காற்று அதிகம் என்பதால் பொங்கலும் அதிகம். நேராக நிறுத்திவைத்து, பேப்பர் சுற்றிக்கொண்டு மெதுவாகத் திறங்கள். வீட்டிலேயே பாட்டிலைக் கையில் கவிழ்த்துப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தால் தானாகச் சொட்டுமே, அது கைச்சூட்டில் காற்று விரிவதால். யோசிப்பதை முன்னாடியே முடித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் மாதம், சென்னை, ஃபேன் போட்டால் தட்டில் பெயின்ட் காய்கிறது, நிறுத்தினால் நான் காய்கிறேன்.

ஈரத் தட்டு செய்துகொள்ளுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, அதில் நனைத்த ஸ்பாஞ்ச், மேலே கேக் சுடுகிற பார்ச்மென்ட் தாள். மெழுகு பூசிய தாள் ஈரத்தைக் கடத்தாது, கடையில் பார்த்து வாங்குங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றாவிட்டால் நம் ஊர்ச் சூட்டில் பூஞ்சை நாற்றம் வந்துவிடும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் திரவமும் இருக்கிறது, ஆனால் அதிகமானால் பெயின்ட் பிசுபிசுப்பாகவே நிற்கும். எனக்குப் பிடிக்காது.

தின்னர் தீர்ந்துவிட்டது, சானிடைசர் ஸ்பிரிட் ஊற்றினேன். திரித்திரியாகிவிட்டது.

திரிந்த பாலைத் திரும்பப் பாலாக்க முடியுமா? தூக்கிப் போடுங்கள். அவசரத்துக்கு ஆர்.ஓ. தண்ணீரே போதும். போர் தண்ணீர் வேண்டாம், உப்பு காய்ந்து வெள்ளைத் தடம் விடும்.

மஞ்சள் ஆறு கோட் அடித்தும் அடியில் முதலில் பூசிய கறுப்பு பிரைமர் தெரிகிறது.

பல மஞ்சள் நிறங்கள் இயல்பிலேயே கண்ணாடி மாதிரி. கீழே வெளிர் இளஞ்சிவப்போ காவியோ ஒரு கோட் கொடுத்துவிட்டு அடியுங்கள், இரண்டில் முடியும்.

பாட்டியின் கொலு பொம்மைகள் சாயம் உதிர்கின்றன. இந்த பெயின்டால் தொட்டுச் சரிசெய்யலாம் என்று அக்கா சொன்னார், தைரியம் வரவில்லை.

தைரியம் வராததே நல்லது. ஈரப் பஞ்சுக்குச்சியால் அடிப்பாகத்தில் ஒரு இடத்தில் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அது தண்ணீரில் கரைகிற பழைய சாயம், நம் பெயின்ட் பட்ட இடமெல்லாம் குழைந்துவிடும், விட்டுவிடுங்கள். நிறம் ஏறவில்லை, கீழே சுட்ட மண் என்றால், உதிர்ந்த இடத்தில் மட்டும் மேட் வார்னிஷ் ஒரு கோட் கொடுத்து காயவிட்டு, அதன்மேல் தொடுங்கள். மண் நேரடியாகப் பெயின்டை உறிஞ்சிவிடும். காகிதக்கூழ் பொம்மையாக இருந்தால் ஈரப் பஞ்சுகூட வேண்டாம். முகத்தை மட்டும் எந்த நிலையிலும் தொடாதீர்கள். பாட்டி காலத்துக் கண்ணை நம்மால் திரும்ப வரைய முடியாது, நான் ஒரு மீனாட்சிக்கு முயன்று பார்த்து, இன்றுவரை அவள் லேசாக மாறுகண்ணோடு கடைசிப் படியில் இருக்கிறாள்.