ஹட்டனில் பிறக்கப்போகும் குழந்தையைத் தத்தெடுத்துத் திருப்பூருக்கு அழைத்து வரலாமா?

கேள்வி: எனக்கு வயது 43, என் மனைவிக்கு 40. திருமணமாகி 14 ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. கோவையில் மூன்று முறை சோதனைக்குழாய் சிகிச்சை செய்தும் பலன் கிட்டவில்லை. என் மாமியார் 1970களில் சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து கோத்தகிரிக்கு வந்தவர். அவருடைய தங்கை குடும்பம் ஹட்டன் அருகே தேயிலைத் தோட்டத்திலேயே இருந்துவிட்டது. அந்தச் சித்தியின் மகளுக்கு இரண்டு பிள்ளைகள். கணவர் அண்மையில் இறந்துவிட்டார். மூன்றாவது பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அந்தக் குழந்தையை எங்களுக்கே தருவதாகச் சொல்கிறார். மருத்துவச் செலவுக்கென்று ஒன்றரை லட்சம் ரூபாய் அனுப்பியிருக்கிறோம். சுற்றுலா விசாவில் போய், அங்கேயே ஒரு பத்திரம் எழுதிக் குழந்தையை எடுத்து வந்துவிடலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அந்தப் பெண்ணையே திருப்பூருக்கு வரவழைத்து, இங்குள்ள மருத்துவமனையில் என் மனைவி பெயரில் பிரசவம் பார்த்துவிட்டால் எந்தத் தொல்லையும் இல்லை என்கிறார் இன்னொருவர். எது சரி? காங்கேயம் பக்கம் எங்களுக்குள்ள பூமியில் இந்தக் குழந்தைக்குப் பங்கு இல்லை என்று நாளை பங்காளிகள் வழக்குப் போட முடியுமா? பிரசவ சமயத்தில் நாங்கள் அங்கே போய் இருக்கலாமா?
திருப்பூர் வாசகர்.

பதில்: இரண்டாவதாகச் சொன்னவரின் யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்களைச் சிறைக்கு அனுப்பக்கூடியது அதுதான். ஒருத்தி பெற்ற குழந்தையை இன்னொருத்தி பெற்றதாக மருத்துவமனையில் எழுதி, அதன் பேரில் மாநகராட்சியில் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது தத்தெடுப்பே ஆகாது. அது பொய்ப் பதிவு, பொய் ஆவணம். பணமும் கைமாறியிருந்தால் குழந்தையை விலைக்கு வாங்கிய குற்றமாகவும் பார்க்கப்படும். இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 81ஆவது பிரிவு அதற்கு ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. 2019இல் ராசிபுரத்தில் வெளிவந்த குழந்தை விற்பனை விவகாரத்தை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது விசாரணை குழந்தையை விற்றவர்களோடு நிற்கவில்லை. வாங்கி வளர்த்துக்கொண்டிருந்த வீடுகளின் கதவையும் தட்டியது.

அவரிடம் "பொய் வேண்டாம், அவளையே அவள் பெயரில் இங்கே பிரசவிக்கச் செய்து, பிறகு முறையாகத் தத்து எடுத்துக்கொள்கிறோம்" என்று நீங்கள் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றும். அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 2004 டிசம்பர் 3ஆம் தேதிக்குப் பிறகு இந்திய மண்ணில் பிறந்தது மட்டுமே ஒரு குழந்தையை இந்தியக் குடிமகன் ஆக்குவதில்லை. பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. இங்கே தாயும் இலங்கையர், மறைந்த தந்தையும் இலங்கையர். ஆகவே குழந்தை திருப்பூரில் பிறந்தாலும் அது இலங்கைக் குழந்தைதான். நீங்கள் தவிர்க்க நினைத்த நாடு விட்டு நாடு தத்தெடுக்கும் நடைமுறை அப்படியே எதிரில் வந்து நிற்கும், கூடவே நிறைமாதக் கர்ப்பிணியை எல்லை கடத்தி வந்தது எதற்காக என்ற கேள்வியும் எழும்.

இனி முதலாமவரின் பத்திர யோசனை. நம் ஊர்களில் இது எளிதாகத் தோன்றுவதற்கு நியாயமான காரணம் உண்டு. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956இன்படி உறவில் ஒரு குழந்தையைக் கொடுத்து வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் சுவீகாரப் பத்திரம் பதிவு செய்து, பிறகு பள்ளியிலும் ரேஷன் கார்டிலும் பெயர் சேர்த்த குடும்பங்கள் கொங்கு நாட்டில் எத்தனையோ இருக்கின்றன. அவை பெரும்பாலும் செல்லுபடியானவையே. ஆனால் அந்தப் பத்திரம் உள்நாட்டுக் குடும்பங்களுக்கிடையே பேசுகிறது. குடிவரவு அலுவலரிடம் அதற்கு வாய் கிடையாது. இலங்கையில் எழுதிய முத்திரைத்தாளைக் காட்டி அந்நாட்டுக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் குழந்தைக்குக் கடவுச்சீட்டு வாங்க முடியாது, இந்தியத் தூதரகத்தில் விசாவும் வாங்க முடியாது.

இந்த விஷயத்தில் இலங்கை அதிகாரிகள் கடுமையாக இருப்பதைக் குறை சொல்லவும் கூடாது. 1980களில் அங்கிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்தாகச் சென்றார்கள். அவர்களில் பலர் பொய்யான தாய்மாரைக் காட்டியும், ஏழைத் தாய்மாருக்குப் பணம் கொடுத்தும் பெறப்பட்டவர்கள் என்பது பின்னர் தெரிய வந்தது. 2017இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சரே தொலைக்காட்சியில் அதை ஒப்புக்கொண்டார். நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்ததற்கு இத்தகைய பழைய முறைகேடுகள்தாம் காரணம். வளர்ந்து பெரியவர்களாகித் தாயைத் தேடி இலங்கைக்கு வருபவர்கள் கையில் இருக்கும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர் யாருடையது என்றே தெரியாமல் போன கதைகளை நான் வாசித்திருக்கிறேன். உங்கள் எண்ணம் தூய்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கைம்பெண், தேயிலைத் தோட்டத்து லயம் எனும் தொழிலாளர் குடியிருப்பு, வெளிநாட்டிலிருந்து வந்த பணம், பிறப்பதற்கு முன்பே பேசி முடித்த குழந்தை என்று கோப்பில் எழுதிப் பார்த்தால், படிக்கும் அதிகாரி முதலில் எதை நினைப்பார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நாடு விட்டு நாடு தத்தெடுப்பதை ஒழுங்குபடுத்தும் 1993ஆம் ஆண்டின் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் இலங்கையும் இந்தியாவும் உறுப்பு நாடுகள். இலங்கையில் 1995 முதலும், இந்தியாவில் 2003 அக்டோபர் முதலும் அது நடைமுறையில் உள்ளது. அதன் விதிகளில் உங்களுக்கு முக்கியமானவை மூன்று. தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பிறகு கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும்; இப்போது அவர் சொல்லியிருப்பது அன்பு, சட்டப்படி சம்மதம் ஆகாது. அந்தச் சம்மதம் பணத்தாலோ வேறு பயனாலோ தூண்டப்பட்டதாக இருக்கக் கூடாது. வளர்க்கப்போகும் பெற்றோர், உரிய பரிசீலனைகள் முடியும் வரை குழந்தையின் பெற்றோரோடு தொடர்பு வைக்கக் கூடாது. ஒரே குடும்பத்துக்குள் நடக்கும் தத்தெடுப்புக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

அந்த விலக்கில்தான் உங்கள் வழக்கின் முடிச்சு இருக்கிறது. நம் பேச்சில் உங்கள் மனைவி அக்குழந்தைக்குப் பெரியம்மா. சித்தி மகள் என்றால் கூடப் பிறந்த தங்கைக்கு ஒரு படியும் குறைவில்லை. சட்டத்தின் அகராதி அவ்வளவு தாராளமானதல்ல. இளைஞர் நீதிச் சட்டம் தத்தெடுப்புக்கான 'உறவினர்' யார் என்று சொல்லும்போது தந்தை வழியிலும் தாய் வழியிலும் மாமா, அத்தை, சித்தப்பா, சித்தி ஆகியோரையும், தாத்தா பாட்டிகளையும் மட்டுமே குறிப்பிடுகிறது. ஒன்றுவிட்ட உறவு அந்தப் பட்டியலில் இல்லை. 'பெரியம்மா' என்ற நம் சொல்லை ஆங்கிலச் சட்ட வாசகத்துக்குள் வைத்து வாதாடலாம், நானே வாதாடுவேன். ஆனால் அதை நம்பி விமானச் சீட்டு எடுக்கச் சொல்ல மாட்டேன். இலங்கைத் தரப்பிலும் வெளிநாட்டவருக்குக் குழந்தை ஒதுக்குவது பொதுவாக அரசு இல்லங்கள், பதிவு பெற்ற இல்லங்கள் வழியேதான். தாயே ஒரு தம்பதியைச் சுட்டிக்காட்டிக் கொடுப்பதற்கு உறவு என்ற ஒரே காரணம்தான் கதவைத் திறக்கக்கூடும். அந்த உறவை ஏற்பதா என்பதை முடிவு செய்யும் மத்திய அதிகாரம் கொழும்பில் உள்ள நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களம். அங்கே தத்தெடுப்பை 'மகவேற்பு' என்பார்கள். நம் 'சுவீகாரத்தை' விடக் காதுக்கு இனிய சொல் என்பது என் கருத்து, கடிதத்தில் அச்சொல்லையே பயன்படுத்துங்கள்.

ஆகவே வேலை தொடங்க வேண்டிய இடம் ஹட்டன் அல்ல, திருப்பூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. வெளிநாட்டிலிருந்து குழந்தையைத் தத்தெடுத்து வரும் இந்தியக் குடிமக்களும், 'காரா' என்று எல்லோரும் சொல்லும் டெல்லியிலுள்ள மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. உங்கள் வீட்டுக்கு வந்து, வருமானம், உடல்நலம், குடும்பச் சூழல் ஆகியவற்றைப் பார்த்து எழுதப்படும் இல்ல ஆய்வு அறிக்கை இங்கே தயாராகும். குழந்தையைப் பற்றிய அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் அங்கிருந்து வரும். இரண்டு நாட்டு அதிகாரங்களும் மேற்கொண்டு செல்லலாம் என்று ஒத்துக்கொண்ட பிறகே அந்நாட்டு நீதிமன்றத்தில் மனு. அங்கே விண்ணப்பதாரர்கள் 25 வயது கடந்தவர்களாகவும், குழந்தையைவிட 21 வயதாவது மூத்தவர்களாகவும் இருக்க வேண்டும். அது உங்களுக்குத் தடையில்லை. விசாரணைக்கு இருவரும் நேரில் செல்ல வேண்டியிருக்கும். பனியன் கம்பெனியில் ஏற்றுமதித் தேதி நெருங்குகிறது என்று ஒருவர் மட்டும் போவது கூடாது.

ஆணை கிடைத்த அன்றே குழந்தை இந்தியனாகிவிடாது. இலங்கைக் கடவுச்சீட்டோடு, நம் தூதரகம் ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும் நுழைவு விசாவோடு, உள்துறை அமைச்சகத்தின் வெளிநாட்டவர் பிரிவு தரும் குடிவரவு அனுமதியோடுதான் வர வேண்டும். மலையகத்துக்கு அருகில் கண்டியிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருப்பது உங்களுக்குச் சிறு வசதி. இங்கு வந்தபின் குடியுரிமைச் சட்டம், 1955இன் 5ஆவது பிரிவின்படி பதிவு செய்து குடியுரிமை பெறலாம். முறையான விசா இல்லாமல் வந்த குழந்தை சட்டவிரோதக் குடியேறி என்ற வகைக்குள் விழும். அந்த வகைக்குள் விழுந்தவருக்கு இந்தப் பதிவு வழி அடைபட்டுப் போகும். பத்திரத்தை நம்பி எப்படியோ கொண்டு வந்துவிட்டால், ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கலாம், பதினெட்டு வயதில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அந்தப் பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமையே இல்லை என்பது தெரிய வரும்.

அனுப்பிய ஒன்றரை லட்சத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். கணவனை இழந்த தங்கைக்கு உறவினர் உதவுவதை எந்தச் சட்டமும் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் குழந்தையைப் பற்றிப் பேச்சு நடக்கும் காலத்தில் அனுப்பிய பணம் வேறு கண்ணோடு பார்க்கப்படும். நம் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவே தத்தெடுப்புக்காகப் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரியதாக்குகிறது. எனவே இனி ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். வங்கிச் சீட்டுகளையும், அந்தப் பணம் மருத்துவமனைக்குச் செலவானதற்கான ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள். இல்ல ஆய்வுக்கு வரும் சமூகப் பணியாளரிடம் கேட்பதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். அனுப்பியது ஹவாலா வழியாக என்றால், வேறு எவரிடமும் பேசுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வசதியில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

பூமி விஷயத்தில் நீங்கள் அஞ்சும் அளவுக்கு அபாயம் இல்லை. ஹேக் உடன்படிக்கையின்படி நடந்ததாகச் சான்றளிக்கப்பட்ட தத்தெடுப்பை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்க வேண்டும். முறைப்படி தத்தெடுக்கப்பட்ட குழந்தை எல்லா வகையிலும் உங்கள் குழந்தையே என்பதுதான் நம் சட்டங்களின் நிலை. ஆனால் பங்காளிகள் வழக்குப் போடவே முடியாது என்று நான் சொல்லவில்லை. வழக்குப் போடுவதை யாராலும் தடுக்க முடியாது, ஜெயிப்பது வேறு. அவர்கள் கைக்கு ஆயுதமாவது நடைமுறையில் விட்ட ஓட்டைதான். தாயின் சம்மதம் தேதியில்லாமல் இருந்தால், தந்தையின் இறப்புச் சான்றிதழ் கோப்பில் இல்லாமல் இருந்தால், அங்கிருந்துதான் வாதம் தொடங்கும். உங்கள் சொந்தச் சம்பாத்தியம் எது, அப்பாரு வழி வந்தது எது என்று பிரித்து, உங்கள் பங்குக்கு மட்டுமாவது குழந்தை வந்த பிறகு ஒரு உயில் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். கொழும்பிலிருந்து 'இயலாது' என்று பதில் வரவும் கூடும். அப்படி வந்தால் இந்தியாவிலேயே தத்தெடுக்கக் காராவின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்; அங்கே இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85க்கு மேல் போகக் கூடாது. உங்களுடையது இப்போது 83. ஓராண்டு கழிந்தால் 85, இரண்டாண்டு கழிந்தால் 87. அதன் பிறகு இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குத்தான் தகுதி. கணக்கில் கொள்ளப்படுவது பதிவு செய்த தேதியின் வயது என்பதால், ஹட்டன் கடிதப் போக்குவரத்தில் ஆண்டுகளைக் கரைத்துவிட்டு இங்கே வராதீர்கள்.

பிரசவத்துக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். அக்காவாக உங்கள் மனைவி போய்த் துணையிருப்பதில் தவறில்லை. திரும்பும் பயணச்சீட்டை முன்னரே எடுத்துக்கொண்டு செல்லட்டும். மருத்துவமனைப் பதிவேட்டில் தாய் என்ற இடத்தில் தங்கையின் பெயரும், தந்தை என்ற இடத்தில் மறைந்த கணவரின் பெயரும் எழுதப்படுவதை அருகிலிருந்து பார்க்கட்டும். யார் எந்தத் தாளை நீட்டினாலும் அதில் கையெழுத்திடாமல், குழந்தையைத் தாயின் பக்கத்திலேயே விட்டுவிட்டு வரட்டும்.