கல்லூரித் தொழில்முனைவு மையத்தால் சமூக அக்கறை உள்ள தொழிலதிபரை உருவாக்க முடியுமா?

உங்கள் தங்கை இன்ஜினியரிங் முதலாண்டு படிக்கிறாராம். நாலு பேருக்கு உபயோகமான ஒரு கம்பெனி ஆரம்பிக்க வேண்டும் என்பது ஆசையாம். கல்லூரித் தொழில்முனைவு மையத்தில் சேர்ந்தால் அதற்கு வழி பிறக்குமா, இல்லை சர்டிபிகேட்டோடு முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குக் கோவையில் பம்ப்செட் உதிரிபாகப் பட்டறை. பக்கத்துக் கல்லூரிகளில் மாணவர் திட்டங்களுக்கு நடுவராக உட்கார அவ்வப்போது கூப்பிடுவார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அக்கறையை எந்த மையமும் ஊட்டிவிட முடியாது. அது வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ வந்திருக்க வேண்டும். மையம் செய்யக்கூடியது, அக்கறையோடு வருகிற பிள்ளையைச் சரியான ஆளிடம் கொண்டுபோய் உட்கார வைப்பதும், பொருளின் விலை எங்கே நிற்க வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே மண்டையில் ஏற்றுவதும்தான்.

இதை நன்றாகச் செய்த இடம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட். ஏழை நாடுகளுக்கான மலிவுப் பொருள்களை வடிவமைக்க அங்கே ஒரு பாடம் உண்டு. எம்பிஏ, பொறியியல் என்று பல துறைப் பிள்ளைகளைக் கலந்து குழு பிரிப்பார்கள். 2007இல் ஒரு குழுவுக்குக் கிடைத்த வேலை, குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் பெட்டியான இன்குபேட்டரை மலிவாகச் செய்வது. வழக்கமான இன்குபேட்டர் 20,000 டாலர். நூறில் ஒரு பங்கு விலையில் வேண்டும் என்பது இலக்கு. கல்லூரியிலேயே உட்கார்ந்து யோசித்திருந்தால் அந்தப் பெட்டியையே இன்னும் மட்டமான சாமானில் செய்திருப்பார்கள்.

குழுவில் ஒருவர் நேபாளம் போனார். காத்மாண்டு ஆஸ்பத்திரியில் தானமாக வந்த இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. ஏனென்று டாக்டரைக் கேட்டபிறகுதான் விஷயம் புரிந்தது. குறைமாதக் குழந்தைகள் பெரும்பாலும் பிறப்பது தூரத்துக் கிராமங்களில். ஆஸ்பத்திரி வந்து சேருவதற்குள் உடம்பு குளிர்ந்து உயிர் போய்விடும். பெட்டி மலிவானால் மட்டும் என்ன பிரயோஜனம்? தாயின் மடியிலேயே குழந்தையைக் கதகதப்பாக வைக்கிற ஏதோ ஒன்று வேண்டும். அப்படி வந்ததுதான் எம்பிரேஸ்: குழந்தையைச் சுற்றிப் போர்த்துகிற சிறு படுக்கைப் பை, உள்ளே மெழுகு போன்ற ஒரு பொருள் அடைத்த பொதி. ஒருமுறை சூடாக்கி வைத்தால் பல மணி நேரம் உடம்புச் சூடான 37 டிகிரி செல்சியஸிலேயே நிற்கும்.

அப்புறமும் மாற்றம் வந்தது. வகுப்பு முடிந்தபின் குழு பெங்களூருக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. கிராமத்துத் தாய்மார்களிடம் மாதிரியைக் காட்டியபோது, இங்கிலீஷ் மருந்து வீரியம் அதிகம், பாதி கொடுத்தால் போதும் என்ற நினைப்பு இதிலும் வந்தது. 37 டிகிரி என்றால் கொஞ்சம் குறைத்தே வைப்போம் என்றார்கள். டிகிரி காட்டும் எண்களையே எடுத்துவிட்டு, சூடு சரியாக இருந்தால் ‘ஓகே’ என்று மட்டும் காட்டும்படி மாற்றினார்கள். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். நம் பாட்டிகளைத் தெரிந்த எவருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது; லேப்பில் இருந்தவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

பாடம் சொல்லித்தராத கஷ்டம் ஒன்றும் அவர்களுக்கு வந்தது. பொருள் தேவைப்படுகிறவர் ஒருவர், காசு கொடுக்க வேண்டியவர் இன்னொருவர். தாயிடம் பணம் இல்லை; அரசு ஆஸ்பத்திரி வாங்குவதென்றால் கோப்பு நகர்ந்து வர வேண்டும். லாப நோக்கில்லாத அமைப்பாக ஆரம்பித்தவர்கள் பிறகு விற்பனைக்குத் தனிக் கம்பெனியே வைக்க வேண்டியதாயிற்று. கண்டுபிடிப்பைவிட இந்தப் பகுதிதான் ஆளைச் சாய்க்கும். அந்த நேரத்தில் கூட நிற்காத மையத்துக்கு நான் பெரிய மார்க் போட மாட்டேன்.

நம் பக்கம் சென்னை ஐஐடியைச் சொல்லலாம். பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசனின் ஆர்2டி2 மையம் மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளைச் செய்கிறது. நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் படுக்கைப் புண், ரத்த ஓட்டக் கோளாறு எல்லாம் வரும். எழுந்து நிற்க ஒரு வழி வேண்டும். நிற்க உதவும் ‘அரைஸ்’ நாற்காலி 2019இல் வந்தது. தயாரித்து விற்கும் பொறுப்பைச் சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் ஏற்றது. அதே மையத்திலிருந்து கிளைத்த நியோமோஷன் கம்பெனி, உட்காருபவரின் உடம்பு அளவுக்கேற்ற நாற்காலியையும், அதன் முன்னால் மாட்டினால் ரோட்டிலேயே ஓட்டிப்போகலாம் என்கிற மோட்டார் பாகத்தையும் விற்கிறது. அறிமுகமானபோது நாற்காலி ரூ.39,900, மோட்டார் பாகம் ரூ.55,000. மலிவா என்றால் வாங்குகிறவருக்கு மலிவில்லை. ஆனால் தானமாக வரும் ஒரே அளவு நாற்காலியில் முதுகு வளைந்து கிடப்பவரை ‘பயனாளி’ என்று பார்க்காமல் வாடிக்கையாளராகப் பார்த்ததே பெரிய விஷயம் என்பது என் அபிப்பிராயம். இதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். பின்னூட்டத்தில் சண்டை போடுங்கள்.

இனி நம்மூர் நிலவரம். பெயர் வேண்டாம், ஒரு கல்லூரியில் நடுவராகப் போயிருந்தேன். வாழைத்தோட்டத்துக்கு சென்சார், ஈரம் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும், ஆப்பில் பார்க்கலாம் என்று ஒரு குழு. ஸ்லைடெல்லாம் அழகு. “மும்முனை கரண்ட் இல்லாத நேரத்தில் ஈரம் குறைஞ்சா என்னப்பா பண்ணுவீங்க?” என்றேன். மேடையில் பேசிய பையன் முழித்தான். ஓரத்தில் நின்ற ஒரு பெண் மெதுவாக, “எங்க அப்பா ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்காரு சார், கரண்ட் வந்ததும் அதுவே எடுத்துக்கும். அவருக்கு மோட்டார் ஓடுறது பிரச்சனையில்ல, கிணத்துல தண்ணி தீர்ந்தப்புறமும் ஓடி, மோட்டாருக்குள்ள காயில் எரியுதே, அதுதான்” என்றாள். ஒரு காயில் கட்ட என்ன செலவாகும் என்று என் பட்டறைக்கு வருகிறவர்களைக் கேட்டால் தெரியும். குழுவில் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருந்த வேலை போஸ்டர் ஒட்டுவது. பரிசு வேறு குழுவுக்குப் போயிற்று, அது வேறு கதை. மையத்தை நடத்துகிற பேராசிரியர் செய்ய வேண்டிய வேலை அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்து முன்னால் நிறுத்துவது. அவரோ சீஃப் கெஸ்ட்டுக்குச் சால்வை வாங்கப் போயிருந்தார்.

அதனால் உங்கள் தங்கை சேரட்டும், ஆனால் விசாரித்துவிட்டுச் சேரட்டும். சீனியர்களைப் பிடித்துக் கேட்கச் சொல்லுங்கள்: மையம் உங்களை வெளியே எங்கே அனுப்பியது, பஸ் காசு யார் கொடுத்தது? போன வருடம் ஜெயித்த குழு இப்போது என்ன செய்கிறது? யாராவது ஒருவர் காசு கொடுத்து அந்தப் பொருளை வாங்கியிருக்கிறாரா? பதில் வராவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பெரும்பாலான மையங்களில் லேப், 3டி பிரிண்டர், கொஞ்சம் நிதி எல்லாம் இருக்கும், அதை வாங்கிக்கொள்ளட்டும். யாரிடம் போய் உட்காருவது என்பதை மட்டும் அவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். பம்ப்செட் பக்கம் ஏதாவது என்றால் சனிக்கிழமை மதியம் என் பட்டறைக்கு வரச் சொல்லுங்கள், காயில் எரிந்த மோட்டாரோடு நாலு விவசாயிகளாவது இருப்பார்கள்.