சந்தை ஒழுங்காகும் வரை காத்திருக்கவா?

கேள்வி: ரசீது, பதிவு எதுவும் இல்லாத சிறு வியாபாரிகளுக்காக ஒரு ஆப் தயாரிக்கிறேன். முதலீடு கேட்டுப் போனால், "இது முறைசாராச் சந்தை, முதலில் ஒழுங்காகட்டும்" என்கிறார்கள். காத்திருக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வேண்டாம். ஒழுங்கு அங்கே ஏற்கெனவே இருக்கிறது, நம் படிவங்களில்தான் அதற்குக் கட்டம் கிடையாது. நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். சம்பளச் சீட்டு இல்லையென்றால் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவோம். அந்த மனிதர் பத்து வருடமாகச் சரக்குக்காரருக்குத் தவணை தவறாமல் கட்டி வந்திருப்பார். அதை நாங்கள் கேட்டதே இல்லை.

கென்யாவைப் பாருங்கள். போன் வழியே பணம் அனுப்பும் எம்-பெசா சேவை வருவதற்கு முன், அங்கே ரீசார்ஜ் கார்டே பணம் மாதிரிதான். கார்டைச் சுரண்டி, எண்ணை ஊரிலுள்ள உறவினருக்குப் போனில் வாசித்துக் காட்டுவார்கள். அவர் அதை அங்கே விற்றுக் காசாக்கிக்கொள்வார். 2005இல் எம்-பெசாவைச் சோதித்துப் பார்த்தது சிறுகடன் தவணை கட்டுவதற்காக. மக்களோ அதிலும் ஒருவருக்கொருவர் பணம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அதை நடத்திய போன் நிறுவனமான சஃபாரிகாம் அடம்பிடிக்காமல் அந்தப் பக்கமே திரும்பி, 2007 மார்ச்சில் பணம் அனுப்பும் சேவையாகவே தொடங்கியது. பெட்டிக்கடைக்காரர்களே ஏஜென்ட். போனில் எஸ்எம்எஸ் வந்தாலும், கடை நோட்டில் தொகையை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நோட்டை ஒழிக்க யாரும் அவசரப்படவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, அரசு? பணம் செலுத்தும் முறைகளுக்கான சட்டம் அங்கே 2011இல்தான் வந்தது. அதுவரை, "ஆட்சேபம் இல்லை" என்று மத்திய வங்கி கொடுத்த ஒரு கடிதத்தில்தான் வண்டி ஓடியது. மக்கள் பணம் நிறுவனத்தின் பணத்தோடு கலக்காமல் வங்கியில் தனி அறக்கட்டளைக் கணக்கில், அதாவது வாடிக்கையாளர்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் கணக்கில் இருந்தது.

அதே எம்-பெசா 2010இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே வங்கிக் கணக்கு உள்ளவர்கள் ஏராளம், டெபாசிட் வாங்க வங்கியின் துணையும் வேண்டியிருந்தது. 2016இல் மூடிவிட்டார்கள். சூழலும் விதிகளும்தான் வேறு.

ஆகவே, ஒழுங்குமுறை அதிகாரியை ஆப் வளர்ந்த பிறகு சந்திக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் ஒன்று: உங்கள் ஆப்பில் வியாபாரியின் பணம் ஒரு நாளாவது தங்குமா? தங்கும் என்றால், யார் பெயரிலுள்ள கணக்கில் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.