பேதியில் படுத்த பொருட்காட்சி

கேள்வி: ஆனித் தேருக்கு வந்தபோது நெல்லை டவுன் பொருட்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். கொரோனா வந்த 2020-இல் தேரே ஓடவில்லை. அந்தக் காலத்திலும் நோயால் பொருட்காட்சி கெட்டதுண்டா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: உண்டு தாயி, ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில். ஆனால் அங்கே இழுத்து மூடவில்லை. திறந்துவைத்துக்கொண்டே ஈ ஓட்டினார்கள்.

1873 மே 1-இல் வியன்னாவில் உலகப் பொருட்காட்சியைப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் திறந்துவைத்தார். நடுவில் ரொட்டுண்டா என்று ஒரு மண்டபம், குவிமாடத்தின் விட்டம் 108 மீட்டர். அன்றைக்கு உலகத்திலேயே பெரியது. சின்ன வயதில் மரணக்கிணற்றையே வாய்பிளந்து பார்த்தவன் நான். இந்த அளவு எனக்குள் அடங்கமாட்டேன் என்கிறது.

மே 9-இல் பங்குச்சந்தை கவிழ்ந்தது. பட்ட காலிலேதானே படும்? கோடையில் காலரா, அதாவது வாந்திபேதி வந்தது. ஓட்டலில் தங்கியவர்களே செத்தார்கள் என்ற செய்தி பரவ, வெளியூர்க்காரர்கள் பெட்டியைக் கட்டினார்கள். நகரத்தில் சுமார் 3,000 பேர் இறந்தார்கள். பொருட்காட்சிக்கு எதிர்பார்த்தது 2 கோடிப் பேரை. வந்தது ஏறக்குறைய 72 லட்சம்.

என் ஆச்சி கோபம் வந்தால் ‘பேதியில போவான்’ என்று வைவாள். நாங்கள் சிரிப்போம். வாந்திபேதி கண்டவன் உடம்பு நீரெல்லாம் வற்றி, காலையில் நடமாடியவன் பொழுது சாயுமுன் போய்விடுவான் என்பது பிறகு படித்துத்தான் தெரிந்தது. ஆச்சி கண்ணால் பார்த்தவளாக இருக்கும்.

காலரா கெட்ட தண்ணீரால் பரவுகிற நோய். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வியன்னாவுக்கு நல்ல தண்ணீர் பாதி வழியில் வந்துகொண்டிருந்தது. மலை ஊற்றுகளிலிருந்து 95 கிலோமீட்டர் கால்வாய் கட்டி, பள்ளம் பார்த்துத் தானாக ஓடிவரச் செய்தார்கள். பாபநாசத்திலிருந்து திருச்செந்தூர் தூரம் என்று வையுங்கள். எட்வர்ட் சூயஸ் என்ற நிலவியலாளர் விடாப்பிடியாக நின்று முடித்த வேலை. அந்தத் தண்ணீர் ஊருக்குள் வந்தது அக்டோபர் 24-இல். காட்சி முடிய பத்து நாள்கூட இல்லை! காலராக் கிருமியை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் கல்கத்தாவில் பிரித்தெடுத்ததோ அதற்கும் பத்து வருஷம் கழித்து, 1884-இல்.

பிள்ளைகள் டெல்லி அப்பளம் கேட்டால் வாங்கிக்கொடுங்கள், கொதிக்கிற எண்ணெயில் பொரிவதுதானே. ஐஸ் போட்ட சர்பத்துதான் எனக்குப் பயம். தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.