என்.எஃப்.எல். டிராஃப்டில் குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுக்க முடிவெடுப்பு மாதிரிகள் உண்மையிலேயே உதவுமா?

‘மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தினால் சரியான ஆள் கிடைத்துவிடுவானா’ என்று கேட்டிருக்கிறீர்கள். (என்.எஃப்.எல். என்பது அமெரிக்கக் கால்பந்து லீக். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வீசித் தன் அணியின் தாக்குதலை நடத்துபவர். டிராஃப்ட் என்பது 32 அணிகளும் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் முறை, முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு.) இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ‘விளையாட்டெல்லாம் ஒரு தலைப்பா’ என்று வழிகாட்டி முகம் சுளித்தும் இருப்பார். தலைப்பை மாற்றாதீர்கள். ஆயிரம் பேர் பார்க்க, பெரும் பணத்தைப் பணயம் வைத்து, அரைகுறைத் தகவலோடு எடுக்கப்படும் முடிவு இது. முடிவெடுப்பதைப் படிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

நான் சிகாகோவுக்கு அருகே வசிக்கிறேன். கிடங்கை எங்கே கட்டுவது, எந்த ஒப்பந்ததாரரை எடுப்பது என்று நிறுவனங்களுக்கு மாதிரி போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. சிகாகோ பேர்ஸ் அணியின் ரசிகன். 1920 முதல் ஆடிவரும் அந்த அணியில் 2024 டிராஃப்ட் வரையில் ஒரு குவார்ட்டர்பேக்கூட ஒரே சீசனில் தன் வீச்சுகளால் அணியை மொத்தம் 4,000 கெஜம் முன்னேற்றியதில்லை. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக முடியவில்லை.

2017 டிராஃப்ட் வரிசையில் எங்கள் அணி மூன்றாம் இடத்தில் இருந்தது. ஒரே ஒரு இடம் முன்னேறுவதற்காக அந்த மூன்றாம் இடத்தோடு வேறு மூன்று தேர்வு வாய்ப்புகளையும் கொடுத்து, மிட்சல் ட்ருபிஸ்கி என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். கல்லூரியில் 13 ஆட்டங்களை மட்டுமே தொடக்க ஆட்டக்காரராக ஆடியவர். அதே டிராஃப்டில் இருந்த இன்னொரு குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் பத்தாம் இடம்வரை காத்திருந்தார். அடுத்த ஆண்டே அவர் 50 டச்டவுனுக்கு (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) பந்து வீசி லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

‘முடிவு தெரிந்த பிறகு யார் வேண்டுமானாலும் பேசலாம்’ என்று சிலர் வருவார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: மஹோம்ஸை எடுக்கவில்லை என்பது என் புகார் அல்ல. அன்று அவரையும் பல அணிகள் தாண்டிப் போயின. கொடுத்த விலைதான் என் புகார். இரண்டு பேரில் யார் மேல் என்பது தெளிவாகத் தெரியாதபோது, அந்த வேறுபாட்டுக்காக ஏன் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்?

இங்கேதான் ஆய்வு உதவுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தேலரும் ஆய்வாளர் கேட் மாஸியும் டிராஃப்ட் தேர்வுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஓர் ஆட்டக்காரர், களத்தில் அதே பொறுப்புக்கு அவருக்கு அடுத்ததாக எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு 50 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் முன்னேறுவதற்கு அணிகள் கொடுக்கும் விலையைப் பார்த்தால், எல்லாம் உறுதியாகத் தெரிந்தவர்களைப்போல நடந்துகொள்கிறார்கள்.

இப்போது எங்கள் கதை. 2024இல் முதல் தேர்வு பேர்ஸிடம் இருந்தது. நண்பர்கள் சிலர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எக்செல் தாளோடு உட்கார்ந்தோம். நான் ஒரு நிபந்தனை போட்டேன்: ஆட்டக்காரர் பெயரே வராமல், எது எதைவிட முக்கியம் என்று முதலில் எழுத வேண்டும். கணிதவியலாளர் தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய முறை இது. பண்புகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு 1 முதல் 9 வரை எண் கொடுப்பீர்கள். எடைகளை, அதாவது எந்தப் பண்பு எவ்வளவு முக்கியம் என்ற அளவுகளை, கணக்கு எடுத்துக்கொடுக்கும். உங்கள் பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா என்றும் சொல்லும். முரண் அளவு 0.10ஐத் தாண்டினால் திரும்ப யோசிக்க வேண்டும்.

எங்களில் மூத்தவர் ஒருவர். நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். துல்லியம் அனுபவத்தைவிட மூன்று மடங்கு முக்கியம் என்று போட்டார். அனுபவம் கை வலுவைவிட இரண்டு மடங்கு என்றார். அப்படியானால் துல்லியம் கை வலுவைவிட ஆறு மடங்காவது வர வேண்டும். அவரோ கை வலுதான் துல்லியத்தைவிட இரண்டு மடங்கு என்று எழுதினார். முரண் அளவு 0.6ஐத் தாண்டி அந்தக் கட்டம் சிவந்தது.

“தம்பி, நீ பிறக்கும் முன்பிருந்தே நான் ஆட்டம் பார்க்கிறேன். இந்தத் தாளா எனக்குச் சொல்லித்தர வேண்டும்?” என்றார்.

“அண்ணா, தாள் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதைத்தான் திருப்பிக் காட்டுகிறது. கை வலு என்று எழுதும்போது மனதில் என்ன ஓடியது?”

சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: டிசம்பரில் நம் அணியின் மைதானமான சோல்ஜர் ஃபீல்டில் உட்கார்ந்திருக்கிறேன், ஏரிக்காற்றில் நல்ல பந்தெல்லாம் திசை மாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன், அந்தக் காற்றைக் கிழித்துப் போகும் பந்து வேண்டும். அதுவரை எங்கள் பட்டியலில் இல்லாத பண்பு அது! குளிரிலும் காற்றிலும் வீசும் திறன் என்று தனி வரி சேர்த்தோம். கை வலுவுக்கு அவர் போட்ட எண் தானாக இறங்கியது, முரணும் தீர்ந்தது. ஒரு மனிதர் பல ஆண்டுகளாக மனதில் வைத்திருந்ததை அந்தச் சிவப்புக் கட்டம் வெளியே கொண்டுவந்தது. மாதிரியை நான் நம்புவது இதற்காகத்தான்.

கடைசியில் கல்லூரிக் குவார்ட்டர்பேக்குகளான கேலப் வில்லியம்ஸும் ஜேடன் டேனியல்ஸும் ஏறக்குறைய சமமாக வந்தார்கள். எடையைச் சிறிது அசைத்தால் வரிசை மாறியது. ‘அப்புறம் எதற்கு இத்தனை கணக்கு’ என்றார் ஒருவர். சமம் என்பதும் விடைதான். இருவரில் ஒருவருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதே என்று அது சொல்கிறது. அந்த முதல் தேர்வு எங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள்: 2023இல் கரோலைனா பாந்தர்ஸ் அணி முதலிடத்துக்கு வர, தன் ஒன்பதாம் இடத்தோடு மேலும் மூன்று தேர்வுகளையும் டி.ஜே. மூர் என்ற நல்ல ஆட்டக்காரரையும் பேர்ஸுக்குக் கொடுத்தது. பிரைஸ் யங் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். இரண்டாவதாகப் போன சி.ஜே. ஸ்ட்ரௌட் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் ஆனார். பாந்தர்ஸ் 2 வெற்றி, 15 தோல்வி என்று முடித்ததால், அவர்கள் கொடுத்த 2024 தேர்வே முதல் தேர்வாகிவிட்டது.

இந்த இடத்தில் வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த நிறுவனத்தில் ஆண்டு மதிப்பீடு என்று ஒரு படிவம் உண்டு. பத்துப் பன்னிரண்டு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். யாருக்குப் பதவி உயர்வு என்று மேலாளர் முதலிலேயே முடிவு செய்துவிடுவார். கூட்டுத்தொகை அங்கே வந்து சேரும்படி பிறகு நிரப்புவார். இரவு பகலாக உழைத்த ஒரு பெண்ணுக்குத் ‘தலைமைப் பண்பு’ என்ற தலைப்பில் மட்டும் இரண்டு மதிப்பெண் குறைத்ததை என் கண்ணால் பார்த்தேன். அவர் அழவில்லை, வேலையை விட்டுப் போனார். எண்ணைக் காட்டி அநீதி செய்தால் எதிர்த்துக் கேட்கவும் வழியில்லை. எடையை முன்பே எழுதிப் பூட்ட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அன்றிலிருந்துதான்.

குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனை வைத்து உங்களை மடக்குவார்கள், தயாராக இருங்கள். வயோமிங் பல்கலைக்கழகத்தில் அவர் வீசியவற்றில் 56 விழுக்காடுதான் சரியாகப் போய்ச் சேர்ந்தது. துல்லியத்தையும் கல்லூரியில் ஆடிய ஆட்டங்களையும் நம்பும் மாதிரிகள் அவரை ஒதுக்கின. 2018இல் பஃபலோ அணி ஏழாவதாக எடுத்தது. இன்று லீகின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவர். அதே ஆண்டில் பத்தாவதாகப் போன, ஆட்டத்துக்குத் தயாரானவர் என்று பலரும் புகழ்ந்த ஜாஷ் ரோசனை அரிசோனா ஒரே ஆண்டில் வேறு அணிக்கு மாற்றிவிட்டது. ஆலனுக்குக் கிடைத்த பயிற்சியும் பொறுமையும் எந்தக் கல்லூரிப் புள்ளிவிவரத்திலும் இல்லை. ஆகவே எடுக்கும் அணியின் சூழலையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

உங்கள் தரவில் ஒரு பொறி இருக்கிறது. பின்வரிசையில் எடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் களத்திலேயே இறங்குவதில்லை. 2022இல் கடைசியாக, 262ஆவது ஆளாக எடுக்கப்பட்ட பிராக் பர்டிக்கு வாய்ப்பு வந்ததே, சான் ஃபிரான்சிஸ்கோவில் அவருக்கு மேலே இருந்த இருவரும் காயமடைந்ததால்தான். அவர்களில் டிரே லான்ஸுக்காக அந்த அணி மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்திருந்தது. ஆடியவர்களின் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், வாய்ப்புக் கிடைத்த சிலரை வைத்தே எல்லோரையும் எடைபோட உங்கள் மாதிரி கற்றுக்கொள்ளும். ஆடாதவர்களின் வரிசையையும் சேர்த்து, ‘வாய்ப்புக் கிடைத்ததா’ என்பதை முதலில் கணித்துவிட்டு, பிறகு ஆட்டத்தைக் கணியுங்கள்.