வழுக்குமரத்தில் எண்ணெய் தடவுகிறவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகன் விடுமுறை நாட்களில் கணினியில் ஒரு விளையாட்டை ஆடுகிறான். அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவரின் ஒரு கை மட்டும் திரையில் தெரிகிறது; விரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை. எடுத்த கருவி நோயாளியின் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே விழுகிறது, இவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். நானும் முயன்று பார்த்தேன். ஒரு கருவியைப் பிடிக்கவே கால்மணி நேரம் ஆகிவிட்டது. சரியாக இயக்க வராத ஒன்றைச் செய்து விற்பது தயாரித்தவர்களின் குறை அல்லவா? ஓர் உடலைக் கண்டபடி கிழிப்பதைப் பார்த்துச் சிரிக்கும் பையனைக் குறித்து நான் கவலைப்பட வேண்டுமா?

ம., திருச்சி

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் மகன் ஆடுவது ‘சர்ஜன் சிமுலேட்டர்’ என்று ஊகிக்கிறேன். பாஸா ஸ்டூடியோஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தைச் சேர்ந்த சிலர் 2013 ஜனவரியில் குறுகிய நேரத்துக்குள் விளையாட்டுகளைச் செய்து முடிக்கும் ‘குளோபல் கேம் ஜாம்’ நிகழ்வுக்காக 48 மணி நேரத்தில் அதன் முதல் வடிவத்தைச் செய்தார்கள். ஏ, டபிள்யூ, இ, ஆர், ஸ்பேஸ் ஆகிய ஐந்து விசைகள் ஐந்து விரல்களுக்கு. கையை நகர்த்துவதும் திருப்புவதும் மவுஸின் வேலை. முதல் முறைக்குக் கால்மணி நேரம் மோசமான கணக்கல்ல. இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கவலைப்பட வேண்டியதில்லை. அவன் சிரிப்பது நோயாளியைப் பார்த்தல்ல. சொன்ன பேச்சைக் கேட்காத தன் கையைப் பார்த்து.

முதல் கேள்விதான் நின்று பேசத் தக்கது. நாம் பழகிய விளையாட்டுகளில் ஒரு விசையை அழுத்தினால் நாயகன் ஓடுகிறான். உண்மையில் நாம் அவனை ஓடவைப்பதில்லை. ஓடு என்று ஆணையிடுகிறோம், யாரோ ஓர் ஓவியர் முன்பே அசைவூட்டி வைத்த ஓட்டம் திரையில் நிகழ்கிறது. 2008இல் பென்னட் ஃபாடி என்ற ஆஸ்திரேலியர் வெளியிட்ட ‘க்வாப்’ விளையாட்டு அந்த ஏற்பாட்டைப் பிடுங்கிவிட்டது. 100 மீட்டர் ஓட்டப் போட்டி, ஒரே ஒரு வீரன், நான்கு விசைகள். க்யூவும் டபிள்யூவும் தொடைகளுக்கு, ஓவும் பியும் கெண்டைக்கால்களுக்கு. அந்த நான்கு எழுத்துகள்தான் விளையாட்டின் பெயரும். முன்பே வரைந்து வைத்த ஓட்டம் எதுவும் இல்லை, மூட்டுகளும் எடையும் தரையும் மட்டுமே உண்டு. முதல் விசையிலேயே அவன் மல்லாக்க விழுவான். பல முயற்சிகளுக்குப் பிறகு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலால் உந்தி உந்தி, பார்க்கச் சகிக்காத ஒரு நடையில் சில மீட்டர்கள் நகர்வான். ஆனால் அந்த நகர்வு முழுக்க முழுக்க உங்களுடையது. நடக்கக் கற்ற காலத்தை நாம் எல்லோரும் மறந்துவிட்டோம். நான்கு விசைகளுக்கு முன்னால் அமர்ந்தால் அது ஏறக்குறைய திரும்பி வருகிறது.

இதைக் குறையுள்ள இயக்கமுறை என்று சொல்ல முடியாததற்குக் காரணம், அது எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள்வது. மோசமாகச் செய்யப்பட்ட விளையாட்டில் அதே விசை இப்போது ஒன்றையும் அடுத்த கணம் வேறொன்றையும் செய்யும், அல்லது தாமதமாகச் செய்யும். விழுந்தவனுக்கு எரிச்சல் வரும், சிரிப்பு வராது. க்வாப் ஒருபோதும் ஏமாற்றுவதில்லை. விழுந்தது யாரால் என்பதில் உங்களுக்கு ஐயமே எழாது. கோகுலாஷ்டமிக்கு நம் ஊர்களில் நடும் வழுக்குமரத்தை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் தடவுவது மரத்தின் குறையல்ல, அதுதான் விளையாட்டு. ஏறுகிறவனும் அதைத் தெரிந்தே ஏறுகிறான், அடியில் நிற்பவர்கள் அவன் சறுக்குவதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள், தண்ணீரையும் அவர்களே பீய்ச்சுகிறார்கள். எண்ணெயைத் துடைத்துவிட்டால் மரமேறத் தெரிந்தவர் எவரும் ஒரு நிமிடத்தில் முடிச்சை அவிழ்த்துவிடுவார், கூட்டம் கலைந்துவிடும்.

ஃபாடியே 2017இல் செய்த ‘கெட்டிங் ஓவர் இட்’ அசல் வழுக்குமரம்தான். இடுப்புக்குக் கீழே ஓர் இரும்புக் கொப்பரைக்குள் இருக்கும் ஒரு மனிதன், ஒரு நீண்ட சுத்தியலைக் கொண்டு மட்டும் மலையேற வேண்டும். கிரேக்கத்தில் சாடிக்குள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் தத்துவஞானி டயோஜினிஸின் பெயரை அவனுக்கு வைத்திருக்கிறார். விழுந்தால் ஏறிய இடத்திலிருந்தே மீண்டும் தொடங்க வழியில்லை. பல மணி நேரம் ஏறியதை ஒரு தவறான சுழற்றலில் இழந்து அடிவாரத்துக்கே வரலாம், வரும்போது ஃபாடியின் அமைதியான குரல் தோல்வியைப் பற்றிய மேற்கோள்களை வாசித்துக் காட்டும். எனக்கு அந்தக் குரல்மீது சற்றுக் கோபம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். விழுந்தவன் காதில் ஞானம் ஓதுவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். இங்கே சிரிப்பு குறைவு, பிடிவாதம் அதிகம்; சர்ஜன் சிமுலேட்டரை ரசிக்கும் உங்கள் மகனுக்கு இது பிடிக்காமல் போகலாம்.

இந்த வகையில் ஆகச் சிறந்தது என்று நான் கருதுவது 2014இல் வெளியான ‘ஆக்டோடேட்: டேட்லியஸ்ட் கேட்ச்’. கோட்டு அணிந்த ஓர் ஆக்டோபஸ் தன்னை மனிதன் என்று நம்பவைத்து மணம் புரிந்து, குழந்தைகளோடு குடும்பம் நடத்துகிறது. ஒரு கையையும் இரு கால்களையும் தனித்தனியே தூக்கி வைத்து, பல்பொருள் அங்காடியில் சாமான் எடுக்க வேண்டும், பிள்ளைகளைக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அலமாரியைச் சரித்தால் சுற்றியிருப்பவர்களுக்குச் சந்தேகம் ஏறும். மற்ற விளையாட்டுகளில் தடுமாற்றம் ஒரு வேடிக்கை, இதில் அதுவே கதை. எல்லோரும் இயல்பாகச் செய்வதைத் தான் மட்டும் பயின்று பயின்று செய்ய வேண்டியிருக்கிற ஒருவரின் பதற்றம் விசைகள் வழியாகவே நம் விரல்களுக்கு வந்துவிடுகிறது. புதிய ஊரில், புதிய மொழியில், விருந்துக்குப் போன எவருக்கும் அது புரியும். அதே ஆண்டில் வந்த, ஓர் ஆட்டை நாம் இயக்கும் ‘கோட் சிமுலேட்டர்’ இவற்றோடு சேர்த்துப் பேசப்பட்டாலும் எனக்கு ஒட்டவில்லை. நிரலின் பிழைகளை வேண்டுமென்றே விட்டுவைத்த வேடிக்கை அது; நகைச்சுவையை ஆடு செய்கிறது, நம் கைக்கு அதில் பெரிய பங்கில்லை.

மகன் ஆடும்போது அருகில் அமருங்கள். முடிந்தால் விசைப்பலகையை அவனும் மவுஸை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் ஒருவருடையவை, கை மற்றவருடையது என்றாகும்போது அந்த அறுவை சிகிச்சை எந்த நோயாளிக்கும் நேரக் கூடாத ஒன்றாகிவிடும். என்னைக் கேட்டால், க்வாப்பில் நான் தொட்ட அதிகபட்சத் தூரம் 23 மீட்டர். 50 மீட்டரில் தாண்டுவதற்கு ஒரு தடை வைத்திருக்கிறார்களாம். நேரில் பார்த்ததில்லை.