பொலிவெண்ணை மாற்றலாமா? – கடிதம்

வணக்கம்,

சிறிய தொலைநோக்கியில் எஸ்எஸ் சிக்னி விண்மீனின் வெடிப்பைக் கவனித்து வருகிறேன். சனிக்கிழமை இரவு அதன் பொலிவெண் (ஒளியின் அளவு; எண் குறையக் குறைய ஒளி அதிகம்) 9.1 என்று கணித்தேன். மற்றவர்கள் 8.6, 8.7 என்று பதிந்திருக்கிறார்கள். நானும் 8.7 என்று மாற்றி அனுப்பிவிடலாமா? கேமராக்கள் இருக்கும்போது கண்ணால் பார்த்துச் சொல்வதை யார் மதிக்கப்போகிறார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாற்றாதீர்கள். கண் கணிப்பில் 0.2, 0.3 தள்ளிப்போவது சகஜம். 0.4 கொஞ்சம் அதிகம்தான். ஒப்பீட்டு விண்மீனை (பொலிவெண் தெரிந்த பக்கத்து விண்மீன்) மாற்றிப் பிடித்துவிட்டீர்களா என்று வரைபடத்தைப் பாருங்கள். பிழை தெரிந்தால் திருத்தலாம். பக்கத்து ஆளின் எண்ணைப் பார்த்துத் திருத்தினால், பட்டியலில் பத்துப் பேர் இருப்பார்கள், வானத்தைப் பார்த்தவர் ஒருவர்தான். (நானும் ஆரம்பத்தில் எட்டிப் பார்த்தவன்தான்.)

கேமரா துல்லியமானது, சரி. ஆனால் இந்த விண்மீன் விஷயத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஒரு வெண்குள்ளனை (எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன்) சுற்றி, துணை விண்மீனிலிருந்து வரும் வாயு தட்டுபோலச் சேர்கிறது. அளவு மீறியதும் தட்டு சூடேறி, வாயு மளமளவென்று உள்ளே இறங்குகிறது. வெடிப்பு என்கிறோமே தவிர, எதுவும் வெடிப்பதில்லை. பொலிவெண் 12இலிருந்து 8க்கு வரும், அதாவது ஒளி சுமார் 40 மடங்கு கூடும். ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை, நாள் சொல்லாமல்.

ஹப்பிள் தொலைநோக்கி இதன் தூரத்தைச் சுமார் 520 ஒளியாண்டு என்று அளந்தது. அவ்வளவு தூரத்திலிருந்தும் இப்படித் தெரிகிறதென்றால் தட்டில் வாயு ஏராளமாகக் கொட்ட வேண்டும். அப்போது தட்டு எப்போதும் சூடாகவே இருக்கும், வெடிப்பே வராது! இந்தத் தட்டுக் கோட்பாடு தப்பா, தூரம் தப்பா? ரேடியோ தொலைநோக்கிகளால் தூரத்தை அளந்துவிடலாம். ஆனால் வெடிக்கும்போதுதான் இதன் ரேடியோ ஒளி அளக்கிற அளவுக்கு எழும். எந்த நாளில் தொலைநோக்கியைத் திருப்புவது? ஏஏவிஎஸ்ஓ என்ற, ஒளி மாறும் விண்மீன்களைக் கவனிப்பவர்களின் சங்கத்தைச் சேர்ந்த அமெச்சூர்கள் இரவு இரவாகக் கண்காணித்துத் தகவல் கொடுத்தார்கள். 2013இல் விடை வந்தது: சுமார் 370 ஒளியாண்டு. தூரம் குறைவு என்பதால் அவ்வளவு வாயு தேவையில்லை, கோட்பாடு தப்பித்தது.

அப்புறம், விண்மீன் மங்கிக் கண்ணுக்குத் தெரியாத இரவையும் விடாதீர்கள். '11.2 பொலிவெண் உள்ள ஒப்பீட்டு விண்மீன் தெரிந்தது, இது தெரியவில்லை' என்று பதியுங்கள். புதன் இரவு 'தெரியவில்லை' என்று நீங்கள் எழுதி, வியாழன் இரவு 'தெரிகிறது' என்று இன்னொருவர் எழுதினால், வெடிப்பின் தொடக்கம் அந்த ஒரு நாளுக்குள் சிக்கிவிடும்.